இருநூறு பேரில் ஒருத்தி

அத்தியாயம் 11

வெட்டுத்துணி மூட்டையை அத்தான் தலைகீழாகக் கவிழ்த்ததும், அதிலிருந்து ஒரு கடிதம் விழுந்ததும் ஞாபகம் இருக்கும். பரிசோதனை நிலையத்துக் கடிதம். ‘உங்கள் மார்பகப் படத்தில் ஓர் இடத்தைத் திரும்பப் பார்க்க வேண்டியிருக்கிறது, கீழ்க்கண்ட தேதியில் வரவும்’ என்று இரண்டே வரி. அதை அக்கா ஒன்பது நாளாக ஒளித்து வைத்திருந்தாள். கட்டிய புருஷனிடம் சொல்லவில்லை. கூடப்பிறந்த தங்கையிடமும் மூச்சு விடவில்லை. அந்தத் தங்கை வேலை பார்ப்பதே அந்த நிலையத்தில்தான். வேடிக்கை என்று சொல்லலாம், சிரிப்பு வந்தால்.

அந்தத் தேதி இன்று. மாலை மூன்றரை மணி. தவறவிட்டால் அடுத்த முறை ஆறு வாரம் கழித்துத்தான் கிடைக்கும்.

தங்கை, அதாவது நம் சின்னவள், டாக்டர் இல்லை. நிலையத்தின் இரண்டாவது மாடியில், ஜெராக்ஸ் மெஷினுக்கும் கை கழுவும் இடத்துக்கும் நடுவே அவளுக்கு ஒரு மேசை. ஆராய்ச்சிக்காரர்கள் நாற்பது பக்கத்துக்கு எழுதித் தள்ளுவதை நாலு பத்தியில் ஜனங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வது அவள் பிழைப்பு. பயமுறுத்தவும் கூடாது, தாலாட்டித் தூங்க வைக்கவும் கூடாது. பதினோரு வருஷமாக இந்த இரண்டுக்கும் நடுவே நடந்துகொண்டிருக்கிறாள். அத்தான் அவளுக்கு வைத்திருக்கும் பட்டப்பெயர் ‘புள்ளிவிவரம்’.

காலை பத்து மணிக்கு ஒரு பத்திரிகை நிருபர் போன் செய்தார்.

“மேடம், ‘ஆபத்து இரட்டிப்பு’ன்னு தலைப்பு வெச்சுட்டோம். ஓகேதானே?”

“எதுலேர்ந்து எதுக்கு இரட்டிப்பு?”

“உங்க ரிப்போர்ட்லயே இருக்கே மேடம். ரெண்டு மடங்கு.”

“ஆயிரத்துல ஒருத்தருக்கு வர்றது ரெண்டு பேருக்கு வந்தாலும் ரெண்டு மடங்குதான். முந்நூறு அறுநூறானாலும் ரெண்டு மடங்குதான். எதுன்னு சொல்லாம விட்டா படிக்கறவங்க எதை நினைச்சுப்பாங்க?”

“அவ்வளவுக்கெல்லாம் தலைப்புல இடம் இல்ல மேடம். சரி, ஒரே வார்த்தையில சொல்லுங்க. வருமா, வராதா?”

இந்தக் கேள்விக்கு அவளிடம் எப்போதும் ஒரு பதில் தயாராக இருக்கும். நிதானமாக, அன்பாக, அழகாகச் சொல்வாள். இன்று “அப்புறம் பேசறேன்” என்று போனை வைத்துவிட்டாள்.

கீழே காத்திருப்புக் கூடத்துச் சுவரில் ஒரு சுவரொட்டி இருந்தது. அவள் செய்ததுதான். பத்து வரிசை, வரிசைக்கு இருபது பெண் உருவங்கள், ஆக மொத்தம் இருநூறு. பரிசோதனைக்கு வருகிற இருநூறு பேரில் இருபது பேரைத் திரும்பக் கூப்பிடுவார்கள். அதில் பத்தொன்பது பேர் மஞ்சள், ஒன்றுமில்லை என்று வீட்டுக்குப் போகிறவர்கள். ஒருத்தி மட்டும் சிவப்பு. அவளுக்குத்தான் நோய். மற்ற எல்லாரும் சாம்பல் நிறம். கீழே பெரிய எழுத்தில், ‘திரும்பக் கூப்பிட்டால் நோய் என்று அர்த்தம் இல்லை.’

போன வருஷம் அதற்காக அவளை மேடையில் ஏற்றிப் பாராட்டினார்கள். எல்லா ஊர் ஆஸ்பத்திரிக்கும் கட்டுக் கட்டாக அச்சடித்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவள் அதை நேராகப் பார்த்ததில்லை. காத்திருப்புக் கூடத்தைத் தாண்டும்போது ஃபைலை முகத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வாள். ஆனாலும் முதுகில் இருநூறு பேர் நிற்கிற மாதிரியே இருக்கும். பேச மாட்டார்கள், நகர மாட்டார்கள். அவர்கள் யார் யார் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பன்னிரண்டரைக்கு அத்தான் கூப்பிட்டார்.

“உங்க அக்கா கடையைத் திறந்து உக்காந்துட்டா. பள்ளிக்கூடச் சீருடை நாற்பது செட்டு இருக்காம். நான் கெஞ்சிப் பார்த்தேன், மிரட்டிப் பார்த்தேன், சாப்பிட மாட்டேன்னும் சொல்லிப் பார்த்தேன். சரின்னு என் தட்டையும் எடுத்துட்டுப் போயிட்டா. நீ வாம்மா. உன் கணக்கையெல்லாம் எடுத்துட்டு வா.”

அக்காவின் தையல் கடை ஒற்றை அறை. இரண்டு மெஷின், நடுவில் வெட்டுகிற மேசை, சுவரோரம் நீலநீலமாகச் சீருடை அடுக்கு. சின்னவள் உள்ளே நுழைந்தபோது அக்கா கழுத்தில் இஞ்ச் டேப்போடு கத்தரிக்கோலை ஓட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“வா புள்ளிவிவரம்” என்று அத்தான் ஸ்டூலிலிருந்து எழுந்தார். போன உயிர் திரும்பி வந்த முகம். “நீங்க பேசிட்டிருங்க. நான் வண்டியைத் துடைக்கறேன்.” அத்தான் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். வீட்டில் சங்கடம் வந்தால் வேன் கண்ணாடியைத் துடைக்கப் போய்விடுவார். அந்த வாரம் முழுக்கக் கண்ணாடி பளபளவென்று இருந்தது.

“சாப்டியா?” என்றாள் அக்கா.

“மணி ஒண்ணரை ஆச்சுக்கா. மூணு மணிக்குள்ள கிளம்பினாத்தான்…”

“சாப்டியான்னு கேட்டேன்.”

“இல்ல.”

“போய் சாப்டு. எனக்கு வேலை இருக்கு.”

சின்னவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கூட்டங்களில் பேசுகிற குரலை எடுத்துக்கொண்டாள். இருபது பேரைத் திரும்பக் கூப்பிட்டால் பத்தொன்பது பேர் சும்மாதான் திரும்புகிறார்கள். பாதிப் பேருக்கு இன்னொரு படம் எடுத்தாலே போதும், அதிலேயே தெளிவாகிவிடும். மீதிப் பேருக்கு ஊசியில் துளி சதை எடுத்துப் பார்ப்பார்கள், பத்து நிமிஷ வேலை. அப்படியே ஏதாவது இருந்தாலும், சீக்கிரம் கண்டுபிடித்தால் வைத்தியம் சுலபம். எல்லாம் சொன்னாள். ஒரு எண் தப்பில்லாமல் சொன்னாள்.

அக்கா கடைசிவரை கேட்டாள். “முடிஞ்சுதா? நல்லாத்தான் பேசறே. ஒரு மைக்தான் குறை.”

“விளையாடாதேக்கா.”

“நான் விளையாடல.” அக்கா மேசை இழுப்பறையைத் திறந்து எட்டாக மடித்த ஒரு தாளை எடுத்தாள். துணியை ஒதுக்கிவிட்டு விரித்தாள். ஒரு முனையில் கத்தரிக்கோலையும் இன்னொரு முனையில் இஸ்திரிப் பெட்டியையும் வைத்தாள். சாம்பல், மஞ்சள், ஒரே ஒரு சிவப்பு.

சின்னவள் செய்த அதே சுவரொட்டி. “இது உனக்கு எப்படி…”

“கேட்டேன், குடுத்தாங்க. கட்டுக் கட்டா வெச்சிருக்காங்களே, உனக்குத் தெரியாதா?” அக்கா தையல் சாக்கட்டியை எடுத்தாள். “மூணு வாரம் முன்னாடி முதல் படம் எடுக்க வந்தேன் இல்ல, நீ தொல்லை பண்ணினேன்னு? முக்கால் மணி நேரம் இதுக்கு எதிர்ல உக்கார வெச்சாங்க. நீ எழுதினதையெல்லாம் யார் படிச்சா? நான் உருவத்தைத்தான் பார்த்துட்டிருந்தேன். இருபத்தாறு வருஷமா உடம்பை அளந்து சோறு தின்னுறவ.”

சாக்கட்டி தாளில் இறங்கியது.

“இது அண்ணி. இடுப்புல கை வைக்காம நின்னதே கிடையாது. இது சித்தி. கழுத்தே இருக்காது, காலர் வெச்சா சண்டைக்கு வருவா. இது அம்மா.” அங்கே சாக்கட்டி ஒரு நொடி நின்றது. “அம்மா நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டுப் போயி நாலு வருஷம் ஆச்சு. இதுல நாற்பது தடவை நிக்கறா. எண்ணிப் பார்த்தேன். ஊர் ஊரா ஆஸ்பத்திரிச் சுவத்துல நிக்க வெச்சிருக்கேடி அவளை.”

“அக்கா…”

“இது நீ. கூன் போட்டுக்கிட்டு. எத்தனை தடவை சொல்லியிருப்பேன், நிமிர்ந்து நில்லுன்னு. இது நான்.” வலது தோளில் ஒரு கோடு போட்டாள். “அரை இஞ்ச் இறக்கம். எனக்குத் தைக்கறப்ப அந்தப் பக்கம் மட்டும் பேட் வெச்சுத் தைப்பேன். உங்க அத்தானுக்கே தெரியாது. வெறும் உருவமா வெட்டினா தெரிஞ்சுபோகுது. இந்தக் கடை திறந்த அன்னிக்கு வாசல்ல நின்னு எடுத்துக்கிட்டோமே, அந்தப் படம்தானே?”

சின்னவள் தலையாட்டினாள். கழிப்பறைக் கதவில் ஒட்டுகிற பொம்மை மாதிரி உருவம் போட்டால் பெண்கள் தங்களைப் பற்றிய விஷயம் என்றே நினைப்பதில்லை, நிஜ உடம்பாக இருக்கட்டும் என்று வீட்டுப் படத்தை எடுத்து ஓரம் வெட்டியிருந்தாள். ஐந்து பெண்கள், படத்தில் நின்ற வரிசைப்படியே, திரும்பத் திரும்ப. யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தாள். கூடப்பிறந்தவள் தையற்காரி என்பது அன்றைக்குப் புத்தியில் உறைக்கவில்லை.

“இருநூறு பேர் நிக்கறாங்க. செவப்பு ஒரே ஒருத்தி” என்றாள் அக்கா. “அவளுக்கு வலது தோள் இறக்கம். அன்னிக்கு வீட்டுக்கு வந்து ராத்திரி பூரா கண்ணை மூட முடியல. மூடினா அவ வந்து நிக்கறா. பின்னாடி அம்மா நிக்கறா. கடுதாசி வந்தப்ப எனக்கு ஆச்சரியமே இல்ல, தெரியுமா? வந்துட்டியான்னு வாங்கி வெச்சேன்.”

“அய்யோ அக்கா, அது நான் வெக்கல!” சின்னவள் எழுந்தே விட்டாள். “நாங்களா யாரையும் தேர்ந்தெடுக்கக் கூடாது. கம்ப்யூட்டர்தான் ஒரு எண்ணைக் குடுக்கும். கண்ணை மூடிட்டுச் சீட்டு எடுக்கற மாதிரி. அது எங்கே விழுதோ, அங்கே வண்ணம். அவ்வளவுதான்.”

“நீ வெக்கல?”

“சத்தியமா இல்ல.”

“யாருமே வெக்கல. தானா வந்து என் மேல விழுந்துச்சு.”

“ஆமா. வெறும் தற்செயல்.”

“அதைத்தாண்டி தலையெழுத்துன்னு சொல்றாங்க.”

சின்னவள் தற்செயல் என்ற சொல்லை இந்தப் பதினோரு வருஷத்தில் எத்தனை துண்டறிக்கையில் எழுதியிருப்பாள்! உங்கள் தப்பில்லை, யார் தப்பும் இல்லை என்று சொன்னால் பயந்தவர்களுக்குப் பாரம் இறங்கும் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தாள். இப்போது அந்தச் சொல் அக்காவின் தலையில் கல்லாக உட்கார்ந்துவிட்டது.

“நீ வெச்சிருந்தா உன்னை நாலு திட்டு திட்டிட்டு மறந்திருப்பேன்” என்றாள் அக்கா. குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. “யாரும் வெக்காம வந்ததை யார்கிட்டப் போய்க் கேக்கறது? ஊசி குத்திப் பார்த்தா மட்டும் மாறிடுமா? இருக்கறது இருக்கட்டும். எனக்குச் சீருடை முடியணும்.” தாளை மடித்து இழுப்பறையில் போட்டுவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டாள்.

மணி இரண்டேகால். வெளியே அத்தான் ஈரத் துணியைப் பிழிகிற சத்தம் கேட்டது.

சின்னவள் நின்ற இடத்திலேயே நின்றாள். சொல்லிவிடலாம். சொன்னால் அக்கா கிளம்புவாள், அது அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. சொன்ன பிறகு தனக்கு ஓர் அக்கா இருப்பாளா என்பதுதான் தெரியவில்லை. சொல்லாமல் விட்டால் இன்னும் ஆறு வாரம். அந்த ஆறு வாரத்தில் என்னவெல்லாம் நடக்கலாம் என்று இந்த ஊரில் அவளைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் சில பேர்தான். மெஷின் சத்தம் கேட்க ஆரம்பித்துவிட்டால் பிறகு பேச முடியாது. அக்கா ஒரு துணியை எடுத்துக்கொண்டு மெஷினுக்குத் திரும்பினாள்.

“கம்ப்யூட்டர் என்னைத்தான் குடுத்துச்சு” என்றாள் சின்னவள்.

“என்னது?”

“முதல்ல செவப்பு என் மேலதான் விழுந்துச்சு. கூன் போட்டவ மேல. அன்னிக்கு மதியம் பூரா அதைப் பார்த்துட்டே உக்காந்திருந்தேன். இதெல்லாம் ஒண்ணும் இல்லைன்னு ஊருக்கே சொல்றவ நான். வெறும் படம்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். முடியலக்கா. எல்லா ஊர்லயும் எல்லாச் சுவத்துலயும் நான் செவப்பா நிக்கறதை நினைச்சா உடம்பெல்லாம் ஜில்லுனு ஆயிடுச்சு. அச்சுக்கு அனுப்ப அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப, அதை நகர்த்திட்டேன். கீபோர்டுல ஒரே ஒரு தட்டு. பக்கத்துல போயிடுச்சு.”

மெஷின் மேல் அக்காவின் கை அப்படியே இருந்தது.

“பக்கத்துல நிக்கறது யாருன்னு தெரியுமா அப்ப?”

“தெரியும்.”

“தெரிஞ்சேதான் தட்டினே.”

“ஆமா.”

“இந்தப் பக்கம் நான். உனக்கு அந்தப் பக்கம் யாரு?”

சின்னவள் தரையைப் பார்த்தாள்.

“சொல்லுடி. யாரு?”

“அம்மா.”

“அம்மா போயாச்சு” என்றாள் அக்கா மெதுவாக. “அவளை இனிமே ஒண்ணும் தொடாது. அந்தப் பக்கம் தட்டியிருந்தா யாருக்கு என்ன?”

“அம்மா மேல வெக்க மனசு வரலக்கா.”

“என் மேல வெக்க வந்துச்சு.”

அத்தான் ஈரத் துணியோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ.

சின்னவள் அழுதாள். மூக்கு ஒழுக, குழந்தை மாதிரி அழுதாள். இந்த ஒரு வருஷத்தில் அக்காவின் வீட்டில் எத்தனை தடவை சாப்பிட்டிருப்பாள், இந்த ஸ்டூலில் உட்கார்ந்து எத்தனை கதை பேசியிருப்பாள்! அக்காவைப் படம் எடுத்துக்கொள் என்று அவள் அப்படி விரட்டினதே அந்த ஒரு தட்டை நினைத்துத்தான். ஒன்றுமில்லை என்று ஒரு தாள் வந்தால் தன் தூக்கம் திரும்பிவிடும் என்று நினைத்தாள். அக்காவுக்காகக் கூட இல்லை. தனக்காக. அதையும் சொல்லிவிட்டாள்.

அக்கா எழுந்தாள். கழுத்திலிருந்து இஞ்ச் டேப்பை எடுத்து ஆணியில் மாட்டினாள். கண்ணாடியில் பார்த்து முடியைச் சரிசெய்துகொண்டாள். முகத்தில் ஒன்பது நாளாக இல்லாத ரத்தம் வந்திருந்தது.

“மணி என்ன?” என்றாள் புருஷனிடம்.

“ரெண்டு நாற்பது.”

“வண்டியை எடுங்க.”

“அக்கா!” சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். “போறியா? நானும் வரேன்.”

“தலையெழுத்துன்னா சரின்னு உக்காந்திருந்தேன்” என்றாள் அக்கா. “நீ பயந்து தட்டினதுக்கு நான் எதுக்குடி வீட்ல உக்காந்து சாகணும்?”

“நான் கூட வரேன்க்கா. அங்க எனக்கு எல்லாரையும் தெரியும், சீக்கிரமா…”

“வேண்டாம். நாலு மணிக்கு ஒருத்தர் சீருடை வாங்க வருவார். எடுத்துக் குடு.”

வேன் கிளம்பிப் போனது. அத்தான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

சீருடை வாங்க வந்தவர் தன் மகளுக்குக் கை நீளம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சின்னவள் தப்பான அளவை எடுத்துக் கொடுத்தாள், திரும்ப வாங்கினாள், இன்னொன்று கொடுத்தாள். அவர் போன பிறகு வெட்டுகிற மேசையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள். இருபதில் பத்தொன்பது, இருபதில் பத்தொன்பது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தாள். அவளே எழுதிய வரி. எத்தனையோ பெண்கள் அதைப் படித்துவிட்டு ஆறுதலாக இருந்தது என்று கடிதம் போட்டிருக்கிறார்கள். அவளுக்கு ஒரு துளி ஆறுதல் வரவில்லை. அந்த ஒன்று மட்டும்தான் கண்ணில் நின்றது.

நாலே முக்காலுக்குப் போன் அடித்தது. அத்தான்.

“உள்ள இருக்கா. மறுபடி படம் எடுத்தாங்க. அந்த இடம் இன்னும் தெரியுதாம். அதனால ஊசி போட்டு எடுத்துப் பார்க்கறாங்க. முடிவு வியாழக்கிழமை சொல்வாங்களாம்.”

“பயப்படறாளா அத்தான்?”

“உங்க அக்காவா? குடுத்த கவுன்ல தையல் பிரிஞ்சிருக்குன்னு நர்ஸைப் பிடிச்சு வாங்கு வாங்குன்னு வாங்கறா.” அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு வரவில்லை. பிறகு, “இன்னொண்ணு…” என்று இழுத்தார்.

“என்ன அத்தான்? சொல்லுங்க.”

“ஒண்ணும் இல்லம்மா. உள்ள போறதுக்கு முன்னாடி ஒரு ஃபாரம் எழுதினாங்க. வீட்ல வேற யாருக்காவது இந்த நோய் இருந்துச்சா, அக்கா தங்கச்சி எத்தனை பேருன்னு.”

அந்தக் கேள்வி எதற்கென்று அவளுக்குத் தெரியும். ஒருத்திக்கு நோய் இருந்தால், கூடப்பிறந்தவளையும் கூப்பிட்டுப் பார்ப்பார்கள்.

“கூடப்பிறந்த பொண்ணுங்க யாரும் இல்லைன்னுட்டா” என்றார் அத்தான். “நர்ஸும் அப்படியே எழுதிக்கிட்டாங்க. நான் பக்கத்துலதான் இருந்தேன். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல.”

சின்னவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ஃபாரம் எழுதின நர்ஸ் இங்கதான் நிக்கறாங்க. திருத்தச் சொல்லட்டுமா?”

“வேண்டாம் அத்தான்” என்றாள் அவள். “அக்கா சொன்னபடியே இருக்கட்டும்.”